தேன் பெட்டியும் விற்பனைக் கணக்கும்

(தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான சொற்பொழிவு)



தேனீ வளர்க்கும் முறையைப் பற்றிப் பேசியவர்கள் பலர். எடுத்த தேனை விற்கும் முறையைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே. பெட்டியை எங்கே வைப்பது, ராணித் தேனீயைக் கண்டறிவது எப்படி, அடையைச் சிதைக்காமல் தேனைச் சுழற்றி எடுப்பது எப்படி என்பனவற்றையெல்லாம் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கத்தில் சிறு பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். ஆயினும் பங்குனி மாதத்தில் தகரம் தகரமாகத் தேன் வைத்திருந்த குடும்பம், ஆடி மாதத்தில் தேனீக்களுக்கு ஊட்டச் சர்க்கரை வாங்குவதற்குக் கடன் கேட்டு வருவதுண்டு. இதில் தேனீயின் குற்றம் யாதொன்றுமில்லை. குறை கணக்கில் இருக்கிறது.

மார்த்தாண்டத்தைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அவ்வூர் முன்னாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்து, 1956-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் அங்கே ஒரு கிராமப் புனருத்தாரண நிலையம் அமைத்தனர். டாக்டர் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் அதனை நடத்தினார். நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கு ஏற்றவாறு நியூட்டன் பாதிரியார் 1910-களில் வகுத்திருந்த சிறு மரப்பெட்டி தென்னாட்டில் அதற்குள் அறிமுகமாகியிருந்தது. நிலையத்தார் குடியானவர்களுக்குக் கோழியும் தேனீயும் வளர்க்கக் கற்பித்ததோடு நின்றுவிடவில்லை. முட்டையை ஒவ்வொருவரும் தனித்தனியே சந்தைக்குச் சுமந்து போய்க் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடும் வழக்கத்தை மாற்றி, ஒன்று சேர்த்துத் தரம் பார்த்து விற்கச் செய்தனர். தேனுக்கும் அவ்வழியையே காட்டினர். உற்பத்தியும் விற்பனையும் ஒரே தொழிலின் இரு பாதிகள் என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர்.

குமரிப் பகுதியில் தேன் மிகுவது ரப்பர் மரத்தினால். மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்ந்து மரம் மீண்டும் துளிர்க்கும்போது, பூவிலன்றி இளந்தளிரின் காம்பு நுனியிலுள்ள சுரப்பிகளில் இனிய நீர் ஊறுகிறது. அதைக் கொண்டுதான் தேனீக்கள் அறையை நிரப்புகின்றன. எல்லாருடைய பெட்டியும் ஒரே சமயத்தில் நிரம்புவதால் எல்லாருடைய சரக்கும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வருகிறது. அந்த வாரங்களில் மொத்த வியாபாரி தகரத்தோடு வந்து நிற்கிறார். ரொக்கம் கையில் இருக்கிறது. தேன் எடுப்பவருக்கோ பள்ளிக்கூடச் சம்பளம், வைத்தியச் செலவு முதலியன காத்திருக்கின்றன. மொத்த வியாபாரியைத் திட்டுவதால் பயனில்லை. அவர் வராவிட்டால் முழுச் சரக்கும் வீட்டிலேயே புளித்துப்போகும். முழுவதையும் அவருக்கே கொடுத்தாக வேண்டுமா என்பதே யோசிக்கவேண்டிய விஷயம்.

கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். கீழே வரும் விலைகள் விளக்கத்துக்காக இடப்பட்டவையேயன்றிச் சந்தை நிலவரமல்ல. அவரவர் ஊர் விலையை அவரவர் இட்டுப் பார்த்துக்கொள்க. ஒருவருக்கு 20 பெட்டிகள். பெட்டிக்கு 8 கிலோ வீதம் 160 கிலோ தேன். மொத்த விலை கிலோவுக்கு 150 ரூபாய் என்றால் முழுவதையும் தகரத்தில் கொடுத்தவருக்கு 24,000 ரூபாய் கிடைக்கும். அவரே 60 கிலோவை நிறுத்திவைத்து, புட்டியில் அடைத்துக் கிலோ 350 ரூபாய்க்கு விற்றால் 21,000 ரூபாய் வரும். புட்டி, மூடி, சீட்டு, உடைந்தது, பஸ் கட்டணம், கடைக்காரருக்குக் கொடுத்த கழிவு எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 110 ரூபாய் வீதம் 6,600 ரூபாய் போக, 14,400 ரூபாய் மிஞ்சும். அந்த 60 கிலோவுக்கு மொத்த வியாபாரி கொடுத்திருக்கக்கூடியது 9,000 ரூபாய். ஆகவே அதிக வரவு 5,400 ரூபாய்.

பெரும்பாலோர் இவ்விடத்தில் கணக்கை மூடிவிடுகின்றனர். ஆனால் வடிகட்டவும் அடைக்கவும் ஊர் ஊராய்ப் போகவும் பாக்கியை வசூலிக்கவும் எத்தனை நாள் சென்றது? 18 நாளாயின் நாளொன்றுக்குக் கிடைத்தது 300 ரூபாய். அந்நாட்களில் ரப்பர்ப் பால் வெட்டவோ வேறு வேலைக்கோ போயிருந்தால் அதைவிட மிகுதியாகக் கிடைத்திருக்கலாம். 9 நாளில் முடித்திருந்தால் 600 ரூபாய். சொந்தத் தொழில் செய்பவர் தம் உழைப்புக்குத் தாமே கூலி எழுதிக்கொள்ளாவிட்டால், நஷ்டத்தை லாபமென்று எண்ணி வருஷக்கணக்காக மகிழ்ந்திருப்பார். வீட்டுப் பெண்கள் புட்டி கழுவிய நேரத்தையும் அக்கணக்கில் எழுதுதல் வேண்டும்; அது பெரும்பாலும் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

ஆதலால் புட்டித் தேன் வியாபாரம் எவ்வளவு பெருகலாம் என்பதை நிர்ணயிப்பது பெட்டிகளின் தொகையன்று. மீண்டும் வந்து கேட்கும் வீடுகளின் தொகையே. எப்படியும் போகவேண்டிய வழியிலுள்ள பள்ளிக்கூட ஆசிரியர்கள், சித்த வைத்தியர், நாட்டு மருந்துக் கடை, வாரச் சந்தை ஆகியவற்றிலிருந்து தொடங்குவது சிக்கனம். தூரத்துப் பட்டணத்துக் கடையில் விற்றபின் பணம் தருவதாகச் சொன்னால், பெயருக்கு நான்கு புட்டி வைக்கலாம். நாற்பது வைப்பது கடன் கொடுப்பதற்குச் சமானம்.

மீண்டும் வந்து கேட்கச் செய்வது தேனின் குணம். அடையின் முக்கால் பங்கு அறைகளையாவது தேனீ மெழுகினால் மூடிய பின்பே தேனெடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்த தேனில் நீர் மிகுந்து, சில மாதங்களில் நுரைத்துப் புளிக்கும்; வாங்கியவர் அதைக் கலப்படமென்றே சொல்லுவார். பொதுவாக நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரம் இருத்தலாகாது என்பது உணவுத் தர விதி. ரப்பர்த் தேன் இயல்பாகவே ஈரம் மிகுந்ததாதலின் இதில் கூடுதல் கவனம் வேண்டும். ஈரத்தை அளக்கும் சிறு கருவி ஒவ்வொருவரும் வாங்கவேண்டியதில்லை. சங்கத்தில் ஒன்று இருந்தால் போதும். தேனைச் சூடாக்குவதாயின் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்க வேண்டுமேயன்றி, நேரே அடுப்பில் ஏற்றினால் மணமும் குணமும் கெடும். தேனுக்குப் புளிப்புத் தன்மை உண்டாதலால் துருப்பிடித்த தகரமும் துத்தநாகம் பூசிய வாளியும் ஆகா.

சந்தேகம் இவ்வியாபாரத்தோடு கூடவே பிறந்தது. எறும்பு மொய்க்காது, நாய் நக்காது, தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் நிற்கும் என்று பலவிதச் சோதனைகள் ஜனங்களிடையே வழங்குகின்றன. இவற்றில் எதுவும் நிச்சயமானதன்று. கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரின் அடியில்தான் நிற்கும். நல்ல தேனும் குளிரில் உறைந்து சர்க்கரைபோல் மணல்மணலாகும். இதைக் கண்டு பயந்து புட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தவருடன் வாதாடுவதைவிட, வெந்நீரில் வைத்தால் இளகும் என்று முன்கூட்டியே சீட்டில் அச்சிட்டுவிடுவது நலம். எடையைப் பற்றியும் அப்படியே. தேன் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமுள்ளது. அதனால்தான் 750 மில்லிப் பிராந்திப் புட்டியில் ஒரு கிலோ தேன் அடங்குகிறது. அரைக் கிலோ அடைத்த புட்டி பார்வைக்குச் சிறிதாயிருக்கிறது. அளவையும் எடையையும் குழப்பி விற்பவர் ஒருநாள் அகப்படுவார். எடையையே தெளிவாக எழுதி, கேட்டவர் முன் நிறுத்துக் காட்டுபவருக்கு அக்கவலை இல்லை.

சீட்டில் விற்பவர் பெயர், முகவரி, எடை, அடைத்த மாதம், விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை இருப்பது சட்டப்படியான கடமை. அதற்கு மேல் எழுதவேண்டியது எந்த ஊர், எந்தப் பருவம் என்பது. பெட்டியில் எடுத்த ரப்பர்த் தேனை மலைத்தேன் என்று எழுதிக் கூடுதல் விலை கேட்பவர்கள் இருக்கின்றனர். மலைத்தேன் எடுப்பவர் பாறையில் உயிரைப் பணயம் வைத்து எடுக்கும் சரக்கின் பெயரை அப்படி எடுத்துக்கொள்வது திருட்டுக்கு ஒப்பாகும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது என்றும் சீட்டில் எழுதுதல் வேண்டும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவுவது பழைய வழக்கமேயாயினும், தேனில் அரிதாக இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து சிசுவின் குடலில் முளைத்து உயிருக்கே ஆபத்து விளைக்கக்கூடும் என்று வைத்தியர்கள் அறிந்திருக்கின்றனர்.

மழைக்காலத்தில் பூவில்லாதபோது தேனீ பட்டினியால் கூட்டை விட்டு ஓடாதிருக்கச் சர்க்கரைப் பாகு வைக்கத்தான் வேண்டும். அது தேனீயின் ஆகாரம், விற்பனைச் சரக்கன்று. தளிர் ஊறத் தொடங்குவதற்கு முன் பாகை நிறுத்தி, முன்பு தேங்கியதை விற்பனைத் தேனோடு சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் தவறினால் அடுத்த வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாமல் போகலாம். ஆனால் சங்கத்தின் பொதுத் தகரத்தில் ஒருவர் ஊற்றிய பாகு, சோதனைச்சாலையில் அத்தனை பேர் தேனையும் கெடுத்துவிடும்.

பெட்டிகளை வேகமாகப் பெருக்க விரும்புவோர் 1991, 1992-ஆம் வருஷங்களை நினைவிற்கொள்ள வேண்டும். தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னாட்டில் பரவி, புழுக்கள் நீர் நிறைந்த பைபோலாகி அறையிலேயே மடிந்தன. தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதி அழிந்தது. அதற்கு மருந்து இல்லை. தப்பிய குடும்பங்களைப் பிரித்துப் பெருக்கித்தான் தொழில் மீண்டும் தலையெடுத்தது. நிறையப் பெட்டி வாங்குவதற்கு வாங்கிய கடன், தேனீ மடிந்தாலும் மடிவதில்லை. ஆகவே புதுப் பெட்டிகளைக் கடனில் வாங்குவதைவிட, தன்னிடமுள்ள வலிய குடும்பத்தைப் பிரித்து வருஷத்துக்குச் சிலவாகச் சேர்ப்பது மெதுவாயினும் பயமற்றது.

சங்கம் தாராளமாகக் கடன் தரவேண்டியது வேறோரிடத்தில். பங்குனியில் அங்கத்தினர் நிறுத்திவைக்கும் தேனின்பேரில் சரக்கு ஈட்டுக் கடன் கிடைக்குமாயின், பள்ளிக்கூடச் சம்பளத்துக்காக முழுத் தேனையும் மலிவாய்க் கொடுக்கவேண்டிய அவசியம் நீங்கும். சரக்கு சங்கத்தின் காப்பிலேயே இருப்பதால் சங்கத்துக்கும் பயமில்லை. ஈரம் பார்த்து ஏற்றுக்கொண்ட தேனுக்கு மட்டுமே இதைக் கொடுத்தல் வேண்டும்.

மார்கழியில் ரப்பர் இலை உதிரும்போது ஒவ்வோர் அங்கத்தினரும் சென்ற வருஷத்துப் புத்தகத்தை எடுத்து, எந்தெந்த வீட்டார் ஒரு புட்டி தீர்ந்து மறு புட்டி கேட்டார்கள் என்று எண்ணிப் பார்ப்பாராக. ஒருமுறை வாங்கி நின்றவர்களை இதில் சேர்க்கலாகாது. அந்தத் தொகைக்கு ஏற்பவே புட்டியும் மூடியும் சங்கத்தின் மூலம் மொத்தமாய்த் தருவித்துக்கொண்டு, மிச்சத் தேனுக்குத் தகரத்தைக் கழுவி வைக்கலாம்.