மூலம் என்று நினைத்தேன் (குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)



மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று எண்ணி எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். கொலனோஸ்கோபியில் பெருங்குடலில் 15 மி.மீ. பாலிப் தெரிந்தது. வயிற்றைக் கிழிக்கவில்லை. எப்படி எடுத்தார்கள் என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். குழாய் வழியே ஊசி விட்டு, அடியில் உப்புநீர் செலுத்திச் சதையை உயர்த்தினார்களாம். ‘ஸ்னேர்’ என்னும் கம்பிச் சுருக்கை மாட்டி இறுக்கி, மின்சாரம் பாய்ச்சி அறுத்தார்களாம். ரத்தம் கசியாமலிருக்க ஒரு சிறு கிளிப். கம்பிச் சுருக்கால் பாலிப்பை அறுப்பது, 1969-லேயே நியூயார்க்கில் டாக்டர் ஹிரோமி ஷின்யா செய்து காட்டிய முறை.

பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை. விட்டிருந்தால் ஆகக்கூடிய வகைதான்.

பாங்கில் அன்றைய கணக்கை அன்றே முடித்தவன், உடம்புக் கணக்கை நிலுவையில் விட்டேன். நீங்கள் விடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.