வரலாற்றுப் பட்டமும் வாழ்க்கை வழியும்

(கொல்லிமலைக் குண்டனி நாட்டில் இளைஞர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால்தான் கொல்லிமலையின் நாடுகளைக் காண இயலும். அதே வளைவுகளில் இறங்கிச் சென்று, சமவெளிக் கல்லூரியொன்றில் மூன்றாண்டுகள் பயின்று, பட்டத்தோடு மலையேறி வருகின்ற இளைஞனை ஊர் கேட்கும் முதற் கேள்வி, "என்ன படித்தாய்?" என்பது. "வரலாறு" என்கிறான். அடுத்த கேள்வி உடனே பிறக்கிறது: "அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?"

இக் கேள்விக்கு நகைப்பு விடையாகாது. வெற்று முழக்கமும் விடையாகாது. சாமைக் காட்டையும் மிளகுக் கொடியையும் நம்பி மகனை, மகளைப் படிக்க வைத்த தாய்தந்தையரின் கேள்வி அது. வயிற்றுப்பாட்டுக்கு வழி சொல்லாமல் இனப்பெருமை மட்டும் பேசுவது அவர்களை ஏய்ப்பதாகும். எனவே முதலில் வேலையைப் பற்றியே பேசுதல் வேண்டும்.

முதல் வழி அரசுப் பணி. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் முதற்றொகுதி, இரண்டாந் தொகுதித் தேர்வுகளின் பெரும்பாலான பணியிடங்களுக்கு ஏதேனும் ஒரு பட்டமே போதும். அத் தேர்வுகளின் பாடத்திட்டத்தில் இந்திய வரலாறு, விடுதலைப் போராட்டம், தமிழ்நாட்டின் வரலாறு, தமிழர் பண்பாடு, திருக்குறள் ஆகியவை இடம்பெற்றுள்ளன. பிறர் புதிதாகத் தொடங்கிப் படிக்க வேண்டியவற்றை வரலாற்று மாணவன் முன்பே படித்து முடித்திருக்கின்றான். மேலும், தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பட்டம் மட்டும் தமிழ்வழியில் பெற்றாற் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் அமைந்திருத்தல் வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டது. 2021-ஆம் ஆண்டின் இறுதியில், தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த்தாள் கட்டாயமாக்கப்பட்டு, அதில் 40 விழுக்காடு மதிப்பெண் பெறாதவர்க்கு வழியில்லை என்றாயிற்று. தமிழில் படித்தது குறையென்று நாணித் தலைகவிழ்ந்த பிள்ளைகட்குத் தமிழே படிக்கட்டாக நிற்கின்றது. இவ்வுரிமை இருப்பதை அறியாமலேயே, ஆங்கிலவழி என்னும் பகட்டுக்கு மயங்கி, அதனை இழப்போர் எத்துணைப் பேர்!

இரண்டாம் வழி ஆசிரியப் பணி. இளங்கலையோடு கல்வியியல் பட்டமும் பெற்று, ஆசிரியர் தகுதித் தேர்வில் வென்றவர் பட்டதாரி ஆசிரியராகலாம். முதுகலையும் கல்வியியலும் முடித்தவர் மேனிலைப் பள்ளிகளுக்கான முதுகலை ஆசிரியர் தேர்வை எழுதலாம். கல்லூரியில் கற்பிக்க விழைவோர் முதுகலைக்குப் பின் தேசிய அளவிலோ மாநில அளவிலோ நடக்கும் தகுதித் தேர்வில் தேறவேண்டும். அல்லது முனைவர் பட்டம் பெறவேண்டும்.

இவ்விரு வழிகளும் பலர்க்கும் பொதுவானவை. வரலாறு பயின்றவர்க்கே உரிய மூன்றாம் வழி ஒன்றுண்டு. அது கல்லையும் மண்ணையும் ஓலையையும் படிக்கும் வழி.

தமிழ்நாட்டு அரசின் தொல்லியல் துறை 1961-ஆம் ஆண்டில் தோன்றியது. கல்வெட்டும் தொல்லியலும் கற்பிக்கும் பட்டயப் படிப்பை அத்துறையே நடத்தி வருகின்றது. 1981-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் ஓலைச்சுவடிக்கும் தனித்தனித் துறைகள் உள்ளன. சென்னை எழும்பூரில் ஆவணக் காப்பகமும், 1851-இல் தோன்றிய அரசு அருங்காட்சியகமும் இருக்கின்றன. இவற்றிலெல்லாம் பணியிடங்கள் மிகுதி என்று சொல்வது பொய்; அவை சிலவே. ஆயினும் அவற்றுக்குப் போட்டியிடத் தக்கவரும் சிலரே.

அத் தகுதி யாது? ஒரு கல்வெட்டைப் படியெடுக்கும் முறையைப் பார்த்தால் அது விளங்கும். கல்லைத் தூரிகையால் தேய்த்துத் தூய்மை செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் பதியுமாறு தூரிகையால் அடித்து, பின்னர் மை தோய்த்த பொதியால் ஒற்றுவர். மேடு கருக்கும், எழுத்து வெள்ளையாய் எழும். இவ்வளவு வரை கைத்திறம். அதன்பின் அவ்வெழுத்து தமிழியா, வட்டெழுத்தா, சோழர் காலத் தமிழெழுத்தா என்று அறிந்து, சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பதற்குத் தமிழறிவு வேண்டும். வரலாறு மட்டும் கற்றவர்க்கும் அது கைவராது. இலக்கணம் மட்டும் கற்றவர்க்கும் கைவராது. இரண்டும் கற்றவர்க்கே அது கைவரும்.

இத்துறையில் தமிழர் அயர்ந்திருந்ததால் நேர்ந்தவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுத் தலைமையகம் 1966-ஆம் ஆண்டில் உதகையிலிருந்து மைசூருக்குப் பெயர்ந்தது. தமிழ்க் கல்வெட்டுப் படிகளும் அங்கேயே இருந்தன. அவற்றைத் தமிழகத்திற்குக் கொணர வேண்டும் என்று சென்னை உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. 2020-ஆம் ஆண்டில் அத்துறை தன் தொல்லியல் பட்டயப் படிப்புக்கு அறிவிப்பு வெளியிட்டபோது, சமற்கிருதம், பாலி, பிராகிருதம், அரபு, பாரசீகம் ஆகியவற்றில் முதுகலை பெற்றோர்க்கு இடம் இருந்தது. 2004-இலேயே செம்மொழியென ஏற்கப்பெற்ற தமிழுக்கு இடமில்லை! தமிழகம் எதிர்த்தெழுந்த பின்னரே தமிழ் அப்பட்டியலில் சேர்ந்தது. போராடிக் கதவைத் திறந்தாயிற்று. திறந்த கதவினுள் நுழைய ஆளில்லையெனின் அப் போராட்டத்தால் யாது பயன்?

சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமா தமிழ் கற்றுச் சோழர் கல்வெட்டுகளில் மூழ்கி, அக்கால நிலவுரிமையை ஆராய்ந்தார். தமிழறிஞர் எ. சுப்பராயலு, கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களைத் திரட்டிச் சோழ மண்டலத்தின் நாட்டுப் பிரிவுகளை வரைபடமாக வரைந்து 1973-ஆம் ஆண்டில் நூலாக்கினார். நாடு என்னும் அந்தச் சொல்லை நினைவிற் கொள்க. கல்லிலும் வரைபடத்திலும் காணப்படும் அச்சொல், கொல்லிமலையில் இன்றும் மக்கள் வாயில் வாழ்கின்றது. குண்டனி நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு எனப் பதினான்கு நாடுகள்! இவை எக்காலத்தில் அமைந்தன? காஞ்சியிலிருந்து உடன்பிறந்தார் சிலர் வந்து மலைகள்தோறும் பிரிந்து குடியேறினர் என்று மலையாளிப் பழங்குடி முதியோர் வழிவழியாய்ச் சொல்லும் செய்தியில் உண்மை எவ்வளவு? வல்வில் ஓரியைக் காரி கொன்று கொல்லியைச் சேரனுக்கு ஈந்தான் என்று சங்கப் பாட்டு கூறுகின்றது. அவ்வோரிக்குச் செம்மேட்டில் சிலையும் ஆடித் திங்களில் விழாவும் உண்டு. ஆனால், ஓரியின் மலையைப் பற்றி ஆராய்ந்தெழுத இம் மலையிலேயே பிறந்தவர் எத்தனை பேர் முன்வந்தனர்?

முதியோர் ஒருவர் மறையுந்தோறும் எழுதப்படாத ஏடு ஒன்று எரிகின்றது. அதனைக் காக்கச் சென்னையிலிருந்தோ சப்பானிலிருந்தோ ஒருவர் வரவேண்டுவதில்லை. பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் இளைஞன் ஒரு குறிப்பேட்டோடு தன் பாட்டனின் அருகில் அமர்ந்தாற் போதும். காட்டின் பெயர், ஓடையின் பெயர், குலதெய்வத்தின் பெயர், திருமண முறை, பழைய வழக்குகள் ஆகியவற்றைச் சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதி வைக்கட்டும். பின்னாளில் முனைவர் பட்டத்திற்கு அதுவே முதலாகும். ஊர்க்கு அதுவே ஆவணமாகும்.

ஆகவே, பெற்றோர் கேட்ட கேள்விக்கு விடை இதுவே: உழவன் ஒரே விதையை நம்பிக் காடு முழுதும் விதைப்பதில்லை. வரலாற்று மாணவனும் சோற்றுக்குத் தேர்வாணையத் தேர்வையோ ஆசிரியப் பணியையோ குறிவைக்கட்டும். அதனோடு பழைய எழுத்தையும் ஓராண்டு முயன்று கற்கட்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தவனும், மலைப்பள்ளியில் ஆசிரியையாய் நின்றவளும் ஞாயிறுதோறும் கல்வெட்டுப் படிக்கத் தடையேதுமில்லை.

தன் வரலாற்றைத் தான் எழுதாத இனத்திற்குப் பிறர் எழுதித் தருவர். அவர் எழுதியதே அவ்வினத்தின் தலையெழுத்தாய் நின்றுவிடும். வரலாற்றுப் பட்டத்தை மறைத்துப் பேசும் நாணம் ஒழிக! கற்க, கற்றதைக் கொண்டு வாழ்க, வாழ்ந்தவாறே எழுதுக!