முப்பத்து நான்கு நாள் வாழ்ந்த குழு

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மீனாட்சிபுரத்தில் ஹாக்கிப் பேச்சு எதற்கென வியப்பீர்கள். இரயில்வே அலுவலில் இருப்போர்க்கு அவ்வாட்டம் அயலன்று. ஆடத் தெரிந்த இளைஞனுக்கு வேலையும் தந்து மைதானமும் தந்தவை இரயில்வே போன்ற நிறுவனங்களின் குழுக்களே. அந்நிழல் இல்லாது தோன்றிய ஒரு குழுவைப் பற்றியே இன்று கூற விழைகிறேன்.

2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-இல் ‘உலகத் தொடர் ஹாக்கி’ என்னும் போட்டி தொடங்கியது. எட்டு நகரக் குழுக்கள். குழுவொன்றுக்குப் பதினான்கு ஆட்டங்கள். நம்மவர் குழு ‘சென்னை சீட்டாஸ்’. சீட்டா என்பது சிவிங்கி. 1952-இல் இந்நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட விலங்கு. பெயரிட்டோர் இதனை எண்ணிப் பார்த்தனரோ, அறியேன்!

எழும்பூர் மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கமே அதன் தாயகம். ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆஸ்திரேலியர் பிரென்ட் லிவர்மோர் தலைமை ஏற்றார். நம் அண்டை ஊராகிய கோயம்புத்தூரின் ஆடம் சின்கிளேரும் அதில் ஆடினார். எனினும் குழு அரையிறுதியை எட்டவில்லை. ஏப்ரல் 2-இல் பம்பாயில் ஷேர்-இ-பஞ்சாப் கோப்பையை வென்றது.

ஆட்டத்தில் தோற்று அழிந்த குழுவன்று இது. இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பும் ஹாக்கி இந்தியாவும் ‘யாரே ஆளும் உரிமை உடையார்’ என வழக்காடிய காலம் அது. முன்னது நடத்திய போட்டிக்குப் பின்னதும் உலகக் கூட்டமைப்பும் இசைவு தரவில்லை. மட்டை ஏந்தியவன் நாட்டு அணியில் தன் இடம் பறிபோகும் என்றறிந்தே களம் இறங்கினான். இரு வீட்டார் சண்டையில் பிள்ளை பட்டினி கிடந்த கதைதான்!

இன்னொரு விந்தை. எழுபது நிமிட ஆட்டத்தை நான்கு கூறாக்கியது இப்போட்டி. இசைவு தர மறுத்த உலகக் கூட்டமைப்பே 2014-இல் நான்கு கூறு முறையைத் தன் ஆட்டங்களில் புகுத்தியது.

இரண்டாம் ஆண்டுப் போட்டி ஒத்திவைக்கப்பட்டது, பின்னர் நடைபெறவேயில்லை. பிப்ரவரி 29 கூட நான்காண்டுக்கு ஒருமுறை வருகிறது! 2013-இல் ஹாக்கி இந்தியா தொடங்கிய போட்டியில் ஐந்து குழுக்கள் இடம்பெற்றன. சென்னைக்கு ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டின் பெயர் தாங்கிய ஒரு குழு அப்போட்டியில் ஆட, 2024 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது.

அதற்கிடையே 2023 ஆகஸ்டில் அதே எழும்பூர் அரங்கில் ஆசிய வாகையர் கோப்பைப் போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் மலேசியாவை 4-3 என இந்தியா வென்றது. அவ்வணியில் அரியலூர்ப் பிள்ளை கார்த்தி செல்வம் இருந்தார்.