எந்த வருசத்துக் கருப்பட்டி?



கருப்பட்டி வாங்கப் போனால் கடைக்காரரிடம் நாம் என்ன கேட்கிறோம்? கிலோ என்ன விலை, சீனி கலந்ததா கலக்காததா. அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எங்கள் தாத்தா மூன்றாவதாக ஒன்று கேட்பார். "எந்த வருசத்துச் சரக்கு? எந்த மாசம் காய்ச்சினது?" விளாத்திகுளம் சந்தையில் வேம்பார்ப் பக்கத்து ஓலைப்பெட்டிகள் இறங்கியிருக்கும். ஒரு சில்லை உடைத்து நாக்கடியில் வைத்துக்கொள்வார். மெல்ல மாட்டார். பக்கத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் வராது. சற்று நேரம் கழித்து, "ரெண்டு பெட்டி போடு" என்பார். இல்லையென்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த குவியலுக்குப் போய்விடுவார். அந்தச் சற்று நேரத்தில் அவர் நாக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

பிரான்சு நாட்டில் பர்கண்டி என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே பேர்போன வெள்ளை ஒயின்கள் ஏறக்குறைய எல்லாமே ஷார்டொனே என்ற ஒரே வகைத் திராட்சையில் பிழிந்தவை. ஆனாலும் ஷாப்ளியில் பிழிந்தது வேறு, மெர்சோவில் பிழிந்தது வேறு. ஒரே தோட்டத்திலும் 2003-இல் ஐரோப்பாவே வெந்த கோடையில் பழுத்தது ஒரு சுவை; 2021 ஏப்ரலில் உறைபனி துளிரைக் கருக்கியபின் மிஞ்சியது இன்னொரு சுவை. ஒரு தோட்டத்தின் ஐந்தாறு வருசத்துச் சரக்கை வரிசையாக வைத்து, ஒவ்வொரு வாயாகச் சுவைத்து, அந்தந்த வருசத்து மழையையும் வெயிலையும் நாக்கால் படிப்பதை அவர்கள் ஒரு கல்வியாகவே வைத்திருக்கிறார்கள். அங்குள்ள பல தோட்டங்களை 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இதைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் நினைவுதான் வந்தது. அவரும் அதையேதான் செய்தார், சந்தையில் நின்றபடி, ஒரு சில்லுக் கருப்பட்டியை வைத்துக்கொண்டு.

பர்கண்டி மண் சுண்ணாம்புக்கல் மண். கருப்பட்டி காய்ச்சும் நம் பதநீரிலும் சுண்ணாம்பு உண்டு. அது பனையேறியின் விரல் தடவியது. பாளையை இடுக்கியால் பதமாக நசுக்கி, காலையும் மாலையும் ஏறி, ஓலை கனத்துக்குச் சீவிவிட்டு, கீழே கட்டும் கலயத்தின் உள்சுவரில் சுண்ணாம்பைத் தடவுகிறார். எவ்வளவு தடவுவது என்பதற்கு அளவுகோல் கிடையாது. முந்தின நாள் வெயில், இரவுக் காற்றின் ஈரம், மரம் எவ்வளவு ஊறுகிறது, இவற்றை வைத்து விரல் முடிவு செய்கிறது. குறைந்துவிட்டால் பொழுது ஏறுமுன்னே நுரைத்துப் புளிக்கத் தொடங்கும். புளித்தால் அது கள்; 1987 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. கூடிவிட்டால் நாக்கு காறும், தொண்டையில் சொரசொரப்பு நிற்கும். நல்ல பதநீரில் சுண்ணாம்பு இருப்பதே தெரியக்கூடாது. பச்சை ஓலைப் பட்டையில் வாங்கி, விடிந்தும் விடியாத நேரத்தில் முதல் வாயை விழுங்காமல் வைத்திருந்து பாருங்கள். தித்திப்பு நாக்கு நுனியில் நிற்கும், ஓலையின் பச்சை வாசம் மூக்கில் ஏறும், கடைசியில் மெல்லிய கரிப்பு ஒன்று பக்கவாட்டில் வந்து போகும். அந்தக் கரிப்பு இல்லாத பதநீரை நான் நம்புவதில்லை.

காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள் வேலை. மரமேறுகிறவரைப் பற்றிப் பேசும் அளவுக்கு அடுப்படியில் வெந்து நிற்பவரைப் பற்றி நாம் பேசுவதில்லை. அது எனக்கு நெடுநாள் மனக்குறை. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டுப் பத்து லிட்டர் பதநீர் வற்ற வேண்டும். சூரங்குடிக்குக் கிழக்கே ஒரு பனைவிளையில் பல வருசமாகக் காய்ச்சும் அக்கா ஒருவரிடம், பதம் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"காதுலதான் தம்பி" என்றார். "மொதல்ல வெள்ளையாப் பொங்கும். பெறவு மஞ்சளாகி முட்டை முட்டையாக் கட்டும். பெரிய முட்டை சின்ன முட்டையாகும். அப்ப சத்தம் கனத்துப்போகும். சத்தம் கனத்தா ஒரு சொட்டு எடுத்துத் தண்ணியில விடணும். உருட்ட வந்தா எறக்கிறணும். யோசிச்சா கெட்டுச்சு."

பொங்கி வழியாமலிருக்க நசுக்கிய ஆமணக்கு முத்து ஒன்றிரண்டு போடுகிறார். காய்ந்த ஓலை பக்கென்று எரிந்து அடங்கும். வேலிக்கருவைக் கட்டை நின்று எரியும். எதை எப்போது தள்ளுவது, எப்போது இழுப்பது என்பதும் கருப்பட்டியின் சுவைக்குள் போய்விடுகிறது. ஒரு நொடி முந்தினால் கருப்பட்டி இளகும், பெட்டியில் தங்காது. ஒரு நொடி பிந்தினால் கசப்பு ஏறும். சிரட்டையில் ஊற்றி ஆறியபின் கவிழ்த்தெடுத்தால் அந்த ஒரு நாளின் முடிவு கையில் உட்கார்ந்திருக்கும்.

இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரத்துச் சொற்களைத் திரட்டி அகராதியாக்கினார். அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஓர் ஆசை வந்தது. சொல்லைத் திரட்டியதுபோல் சுவையையும் திரட்டினால் என்ன? பருவம்தோறும் அதே விளையின் கருப்பட்டியைச் சுவைத்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். முதல் வருசம் எழுதியதைப் பார்த்தால் "நன்றாக இருந்தது", "மிக நன்றாக இருந்தது" என்றே இருக்கிறது. நாக்குக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. காறல், கரிப்பு, கருகல், இளங்கசப்பு, தொண்டைப் பிடிப்பு என்று அந்த அக்காவும் சந்தைக்காரர்களும் சொன்ன சொற்கள் சேரச் சேரத்தான் குறிப்பு குறிப்பாயிற்று.

அந்த நோட்டிலிருந்து இரண்டு பக்கங்கள் மட்டும். கோவில்பட்டி வட்டாரத்தில் ஆண்டு மழையே 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் விழ வேண்டும். 2016-இல் அந்த மழை பொய்த்தது. கரிசல் நிலம் மார்கழியிலேயே காலை விட்டால் கணுக்கால் போகும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. 2017 பங்குனியில் விளைக்குப் போனேன், கலயங்கள் பாதிகூட நிறையவில்லை. அன்று எழுதியது இது: "கனம். முதலில் கரிப்பு, பிறகே தித்திப்பு. விழுங்கி வெகுநேரம் ஆகியும் தொண்டை விடவில்லை."

அடுத்தது 2024 பங்குனி. அதற்கு முந்தின டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். "தெளிவு. தித்திப்பு முந்தி வருகிறது, சீக்கிரம் போய்விடுகிறது. கரிப்பைத் தேட வேண்டியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறேன்.

இரண்டு பருவங்களை வைத்து விதி எழுத முடியாது. விளையும் ஒன்று, காய்ச்சிய கையும் ஒன்று என்பதால்தான் இவ்வளவு சொல்லத் துணிகிறேன். எது உயர்ந்தது என்று கேட்டால் தயங்காமல் 2017 என்பேன். ஆனால் அதைச் சொல்லும்போதே மனம் உறுத்துகிறது. அந்த வருசம் அக்கா வீட்டுக்கு வந்த பணம் வழக்கத்தில் பாதி. பனையேறி ஏறிய ஏற்றம் மட்டும் குறையவில்லை. மரம் தாகத்தில் சுரந்த இனிப்பை நான் புகழ்கிறேன். அந்தத் தாகம் அவர்கள் வீட்டிலும் இருந்தது.

மண்ணுக்கும் பங்கு உண்டு. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி தேரிச் செம்மணல் சூழ்ந்த நாட்டுப் பொருள். வேம்பார், சாயல்குடிப் பக்கத்துப் பனைகள் கரிசல் முடிந்து கடல்மணல் தொடங்கும் இடத்தில் நிற்பவை. உடன்குடிச் சரக்கில் ஓர் உருண்டையான இனிப்பு இருப்பதாக என் நாக்குக்குப் படுகிறது. வேம்பார்ச் சரக்கில் கரிப்பு தலைதூக்குகிறது. உடன்குடிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் கரிப்பில் வளர்ந்தவன்.

வயதும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் வீட்டில் கருப்பட்டிப் பெட்டி அடுப்புக்கு மேலே பரணில் இருக்கும். ஈரம் அண்டாது, புகை படியும். ஒரு வருசம் கழிந்ததை எடுத்தால் நிறம் இருண்டிருக்கும், தித்திப்பின் முனை மழுங்கி, புகையும் லேசான கசப்புமாக வேறொரு பொருளாகவே மாறியிருக்கும். பிள்ளை பெற்றவளுக்கு மருந்து கிண்ட அதைத்தான் எடுப்பார்கள். புதிதைக் காப்பிக்கு வைத்துக்கொள்வார்கள்.

இத்தனை வேறுபாட்டையும் ஒரே அடியில் அழித்துவிடுவது சீனி. பதநீரைவிடச் சீனி மலிவு. பாகில் அதைக் கலந்தால் எடை கூடுகிறது, நிறம் வெளுக்கிறது, எல்லா ஊரும் எல்லா வருசமும் ஒரே சுவையாகிவிடுகின்றன. உடல்நலத்துக்குக் கேடு என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய இழப்பாகத் தோன்றுவது வேறு: 2017-ஐயும் 2024-ஐயும் பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போகிறது. வெளுத்துப் பளபளக்கும் கருப்பட்டிதான் வேண்டும் என்று நாமே கேட்டு வாங்கியதும் இதற்கு ஒரு காரணம்.

ஆகவே அடுத்த முறை வாங்கும்போது உடைத்துப் பாருங்கள். உடைத்த இடத்தில் சீனிப் பரல்போல மினுமினுத்தால் வைத்துவிடுங்கள். நல்ல கருப்பட்டி உள்ளே கறுப்பும் பழுப்புமாக மங்கிக் கிடக்கும். முதலில் முகருங்கள், புகை தெரியும். சில்லை நாக்கடியில் வையுங்கள், மெல்லாதீர்கள். எது முதலில் வருகிறது, எது பின்னால் வருகிறது, எது தொண்டையில் தங்குகிறது என்று கவனியுங்கள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கவனியுங்கள். பிறகு கடைக்காரரிடம் ஊரையும் மாதத்தையும் கேளுங்கள். முதல் தடவை அவருக்குத் தெரியாமலிருக்கலாம். நாலு பேர் கேட்டால் காய்ச்சுகிறவரிடம் அவர் கேட்டு வைப்பார். வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டுத்தாளில் ஊர், மாதம், வருசம் எழுதிப் பெட்டிக்குள் போட்டு, பாதியை அடுத்த பங்குனிவரை எடுத்து வையுங்கள்.