கிணற்று வளையமும் நீர்மூழ்கியும்

சீமெந்து வளையம் இறக்கிய கிணற்றை எட்டிப் பார்த்திருப்பீர்கள். சுற்றிவர மண் நெருக்குகிறது, வளையமோ மெல்லியது. ஆனாலும் நிற்கிறது. வட்டமாயிருப்பதால் அந்த நெருக்குதல் சீமெந்தை இறுக்குகிறதே தவிர, இழுத்துப் பிரிப்பதில்லை. கொங்கிறீற்றின் குணம் அப்படி. அமுக்கினால் தாங்கும், இழுத்தாலோ அதில் பத்திலொரு பங்கு விசைக்கே வெடித்துவிடும்.

அந்த வளையத்தை உருண்டையாக்கி, உள்ளே ஆளை வைத்துக் கடலில் இறக்கினால்? கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிற கதை என்று சிரிப்பீர்கள். கணக்குப் பார்ப்போம். வெளிவிட்டம் 2.1 மீற்றர், சுவர் 10 சென்ரிமீற்றர் என்றால் உருண்டை 3 தொன் நிறை வரும். ஒதுக்கும் கடல்நீரோ 5 தொன். மிதக்கும்! தாழ்த்துவதற்குத்தான் பாரம் தேட வேண்டும். 100 மீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 100 தொன் ஏறி உட்காரும். அப்போதும் வீட்டுத் தூணுக்குப் போடும் கொங்கிறீற்றின் பலத்தில் கால்வாசியளவுதான் செலவாகும்.

அமெரிக்கக் கடற்படையின் பொறியியல் ஆய்வுகூடம் 1971இல் இப்படி 18 உருண்டைகளைக் கலிபோர்னியாக் கடலில், 560 மீற்றர் தொடக்கம் 1,500 மீற்றருக்கும் கீழே வரை இறக்கி, எத்தனை காலம் தாங்குமென்று பார்த்தது. ஆளில்லாத வெற்று உருண்டைகள்தான்.

ஆளோடு இறங்கி 2023 ஜூன் 18இல் நொறுங்கிய டைட்டன் நீர்மூழ்கியை மறந்திருக்க மாட்டீர்கள். ஐந்து பேர் போனார்கள். அதன் உடல் காபன் நாரால் சுற்றிய உருளை. இழுவையில் உருக்கையே வெல்லும் நார் அது. ஆழ்கடல் இழுப்பதில்லையே, அமுக்குகிறது. புதுப்பொருள் என்பதைவிட, அந்த வேலைக்கு எதிர்க்குணமுள்ள பொருள் என்பதே என் குறை.

கொங்கிறீற்றுக்கும் வில்லங்கம் உண்டு. வாசலுக்கும் கண்ணாடிக்கும் துளை போட்ட இடத்தில் நெருக்குதல் சீராகப் பரவாது. உப்புநீர் ஊறினால் உள்ளேயுள்ள கம்பி துருவேறிப் பருத்து, சீமெந்தைப் பிளக்கும். வெள்ளவத்தைக் கடற்கரையோரம் பல்கனியின் அடிப்பக்கத்தை நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் கொட்டாஞ்சேனைக்காரர் கொழும்புத் துறைமுகப் பக்கம் கைகாட்டுவார்கள். அங்கே தென்மேற்கு அலைதடுப்புக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கல் வைத்தார். சேர் ஜோன் கூட் திட்டமிட்டார். கடலோடு மல்லுக்கட்டும் அந்தப் பெரிய கொங்கிறீற்றுக் கட்டிகளுக்குள் துருவேறக் கம்பியே இல்லை. அமெரிக்க உருண்டைகளிலும் பெரும்பாலானவை அப்படித்தான். உருண்டைக்குக் கம்பி தேவைப்படுவது ஆழத்தில் அல்ல. கிறேனில் தூக்கும்போதும், கரையில் வைக்கும்போதும், கப்பலோடு முட்டிக்கொள்ளும்போதும்தான்.