மின்சாரக் காரில் ஒரு பனிமலைப் பயணம்

சுவிட்சர்லாந்து நாட்டின் தென்கிழக்கு மூலையில் கிராவ்புண்டன் என்றொரு மாநிலம் இருக்கிறது. 1900 ஆம் ஆண்டில் அம்மாநில அரசு ஒரு கட்டளை பிறப்பித்தது. மாநிலத்துச் சாலைகள் எவற்றிலும் மோட்டார் வண்டி ஓடலாகாது என்பதே அக்கட்டளை. குதிரைகள் மிரளும், புழுதி எழும், குறுகிய மலைப்பாதையில் ஆபத்து நேரும் என்று மக்கள் அஞ்சினார்கள். தடையை நீக்கலாமா என்று மீண்டும் மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. மக்களும் மீண்டும் மீண்டும் 'வேண்டாம்' என்றே சொன்னார்கள். மோட்டாரில் வந்த செல்வர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டிக்கு முன்னால் குதிரையைப் பூட்டி இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1925 இல்தான் தடை நீங்கியது.

அந்த மாநிலத்தின் மலைப்பாதையில், எஞ்சினே இல்லாத ஒரு மோட்டார் வண்டியில் நான் சென்று வந்தேன். மின்சாரத்தால் ஓடும் கார் அது. ஒன்றரை நாளில் முடிந்த அந்தப் பயணத்தைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

2024 ஆம் ஆண்டு பிப்ரவரியில் சூரிச் நகரில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அவர்களுடைய பழைய பெட்ரோல் கார் தன் ஆயுளை முடித்துக்கொள்ளும் நிலையில் இருந்தது. மருமகனுக்கு மின்சாரக் கார் வாங்க ஆசை. மகளுக்கோ அச்சம். பல ஆண்டுச் சேமிப்பை ஒரே பொருளில் போடுகிறோமே, குளிர்காலத்தில் குழந்தையோடு போகும்போது நடுவழியில் மின்சாரம் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். அவள் கேள்வியில் நியாயம் இருந்தது. வண்டி விற்பவர் ஒரு சலுகை தந்தார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டியை எடுத்துச் செல்லலாம். ஞாயிறு மாலை நான்கு மணிக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும்.

"ஊருக்குள் நான்கு தெருவைச் சுற்றி வந்தால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான், மாமா. செயிண்ட் மோரிட்ஸுக்குப் போய் வருவோம். பனி, குளிர், கணவாய் மூன்றும் அந்த வழியில் இருக்கின்றன" என்றார் மருமகன். ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பேர் போன ஊர் அது. 1928, 1948 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் அங்கே நடந்தன. சூரிச்சிலிருந்து ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். "சரி மாப்பிள்ளை, போவோம். ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும்" என்றேன் நான். பேத்தியின் பள்ளி நோட்டு ஒன்று கிடைத்தது.

நோட்டு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மலையேறும் வண்டியின் வரவுசெலவுக் கணக்கைப் பள்ளிப் பௌதிகத்தைக் கொண்டே போட்டுவிடலாம். வீட்டு மீட்டரில் நாம் ஒரு யூனிட் என்று சொல்லும் மின்சாரம் முப்பத்தாறு லட்சம் ஜூல் ஆற்றலுக்குச் சமம். எங்கள் வண்டியும் அதில் ஏறிய நால்வரும் மூட்டைகளும் சேர்ந்து 2,300 கிலோ எடை. இந்த எடையை நேர் மேலே தூக்குவதாகக் கொண்டால், ஒரு யூனிட் மின்சாரம் ஏறக்குறைய 160 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும். சூரிச் கடல் மட்டத்திலிருந்து 408 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் கடக்க வேண்டிய யூலியர் கணவாயின் உயரம் 2,284 மீட்டர். வண்டியின் மின்கலம் கொள்வது 75 யூனிட். அப்படியானால் ஏற்றத்துக்காக மட்டும் செலவாவது அதில் ஒரு சிறு பங்குதான் என்பது முதற்கணக்கிலேயே தெரிந்தது. மகளிடம் காட்டினேன். "கணக்கு சரிதான் அப்பா, குளிரை அதில் எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

குளிர்தான் உண்மையான எதிரி. பெட்ரோல் எஞ்சின் தான் எரிக்கும் எரிபொருளில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. அந்த வீண் வெப்பமே குளிர்காலத்தில் வண்டிக்குள் இருப்பவர்களுக்குக் கணப்பாகிவிடுகிறது. மின்சார மோட்டார் அவ்வாறு வீணாக்குவதில்லை. ஆகையால் உள்ளே சூடேற்றுவதற்கும் மின்கலத்திலிருந்தே எடுக்க வேண்டும். சிக்கனமானவன் வீட்டில் விருந்தாளிக்கு மிச்சச் சோறு கிடைக்காதது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு மின்சாரத்துடன் புறப்பட்டோம். சூரிச் ஏரியின் ஓரமாகவும், பிறகு வாலன் ஏரியின் ஓரமாகவும் நெடுஞ்சாலை செல்கிறது. வாலன் ஏரியின் எதிர்க்கரையில் செங்குத்தான பாறைச் சுவர் வானளாவி நிற்கிறது. அந்த அழகைச் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போதாது, வண்டியும் நிற்கவில்லை. மணிக்கு 120 கிலோமீட்டர் வரை அங்கே அனுமதி உண்டு. ஓசையில்லாமல் வேகமாகப் போகும்போதுதான் மின்சாரம் மிகுதியாகச் செலவாகிறது என்பதை நோட்டுப் புத்தகம் காட்டியது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுகிறது என்பதை நான் எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கூர் என்னும் பழைய நகரத்தை 120 கிலோமீட்டர் ஓடி அடைந்தபோது 55 பங்கே மீதி இருந்தது. சமவெளியில் போன தூரத்துக்கு நாற்பது பங்கு போய்விட்டது. மலையோ இன்னும் தொடங்கவில்லை.

இங்கே ஒரு சிறு விவாதம் எழுந்தது. மின்னேற்ற நிலையத்தில் அரை மணி நேரம் நின்று போகலாம் என்றாள் மகள். வண்டியின் திரை, ஊர் போய்ச் சேரும்போது 24 பங்கு மிஞ்சும் என்றது. என் கணக்கு 26 என்றது. "சோதனை செய்ய வந்தோம், நின்றுவிட்டால் எதைச் சோதிப்பது?" என்றார் மருமகன். வழியிலும் மின்னேற்றும் இடங்கள் உண்டு, இருபதுக்குக் கீழே போனால் அங்கே நிற்பது என்ற உடன்படிக்கையின் பேரில் மேலே சென்றோம்.

கூரிலிருந்து லென்ட்சர்ஹைட என்னும் ஊருக்கு ஏறத்தாழ 900 மீட்டர் ஏற்றம். பதினெட்டே கிலோமீட்டரில் பன்னிரண்டு பங்கு கரைந்தது. மகள் வெளியே பார்ப்பதை விட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு சாலை தீபன்காஸ்டல் என்ற ஊரை நோக்கிக் கீழே இறங்கியது. இந்த இறக்கத்தில்தான் நான் காண விரும்பியது நடந்தது. மருமகன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டி தானே மெல்ல அடங்கி இறங்கிற்று. மோட்டாரைச் சுழற்றுவது மின்சாரம் என்றால், சக்கரம் மோட்டாரைச் சுழற்றும்போது மின்சாரம் பிறக்கும். டைனமோவின் தத்துவம் இதுதான். திரையில் 43 என்றிருந்த எண் 44 ஆயிற்று. கீழே சென்று சேர்ந்தபோது 45 ஆயிற்று. பெட்ரோல் காரில் மலையிறங்கும்போது டாங்கியில் பெட்ரோல் கூடிய கதையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஏறக்குறைய 650 மீட்டர் இறக்கத்தில் நான்கு யூனிட் ஆற்றல் நமக்கு உரியது. சாலைக்கும் காற்றுக்கும் கொடுத்தது போகக் கைக்கு வந்தது ஒன்றரை யூனிட். மலை வட்டி பிடித்துக்கொண்டுதான் திருப்பித் தருகிறது. ஆயினும் தருகிறது.

தீபன்காஸ்டலுக்கு அப்பால் பனி இருபுறமும் மதில்போல் உயர்ந்தது. சாலையின் ஓரம் எது என்று தெரிவதற்காக நெடுகக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். யூலியர் கணவாய் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் பாதை. ஆதலால் பனி அகற்றும் வண்டிகள் ஓயாமல் உழைக்கின்றன. வழியில் மார்மொரேரா அணைக்கட்டு வந்தது. பத்து நிமிடம் நிறுத்தச் சொன்னேன். ஏரி உறைந்து, மேலே பனி படிந்து, வெள்ளைத் திடல் போலக் கிடந்தது. அந்தத் திடலுக்கு அடியில் ஓர் ஊர் இருந்தது. மார்மொரேரா என்பதே அவ்வூரின் பெயர். சூரிச் நகருக்கு மின்சாரம் வேண்டும் என்பதற்காக நகரத்தின் மின்சார நிறுவனம் அங்கே அணை கட்ட விரும்பியது. 1948 இல் ஊரார் வாக்களித்து இணங்கினர். 1954 இல் ஊர் நீருக்குள் போயிற்று. மேட்டில் புதிய ஊர் எழுந்தது.

சூரிச்சில் இரவெல்லாம் எங்கள் காருக்குள் ஏறிய மின்சாரத்தில் இந்த ஏரியின் நீர் தந்த பங்கும் இருந்திருக்கலாம். மலையின் நீர் கீழே இறங்கி மின்சாரமாயிற்று. அந்த மின்சாரம் எங்களை மீண்டும் மலைமேல் ஏற்றிற்று. மின்சாரக் காரால் இயற்கைக்கு ஒரு செலவும் இல்லை என்று விளம்பரம் செய்கிறார்களே, அவர்கள் இந்த ஏரிக்கரையில் பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். புகை இல்லை என்பது உண்மை. விலை இல்லை என்பது உண்மையன்று. "அந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கே படித்தார்கள், தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். புதிய ஊரை விரல் நீட்டிக் காட்டினேன். குளிர் தாங்காமல் வண்டிக்குள் ஓடினாள்.

பிவியோவில் 31. அங்கிருந்து வளைவுக்கு மேல் வளைவாகச் சாலை ஏறுகிறது. வண்டிக்குள் பேச்சு நின்றுவிட்டது. கணவாயின் உச்சியில் ரோமானியர் காலத்துக் கல்தூண்கள் இரண்டு, உடைந்த நிலையில், சாலைக்கு இருபுறமும் நிற்கின்றன. ஈராயிரம் ஆண்டுகளாக இந்த வழியே மனிதர்கள் போய் வருகிறார்கள் என்பதற்கு அவை சாட்சி. உச்சியில் 24. அப்பால் சில்வாப்லானாவுக்கு இறங்கும்போது 26 ஆயிற்று. செயிண்ட் மோரிட்ஸில் வண்டியை நிறுத்தியபோது 25. திரையின் ஆரூடத்துக்கும் என் நோட்டுக்கும் நடுவே உண்மை நின்றது. விற்பவர் சொன்ன 500 கிலோமீட்டர் கணக்கின்படி பார்த்தால், பாதிக்கு மேல் மிஞ்சியிருக்க வேண்டும். அது கோடைக்கால எண். குளிரில், மலையில், நான்கு பேருடன் 280 கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியை நம்பக் கூடாது என்று எழுதிக்கொண்டேன்.

ஊரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாங்கள் அங்கே கழித்தது ஒரு பிற்பகலும் ஓர் இரவுமே. 1864 இல் பாத்ரூட் என்ற விடுதிக்காரர், கோடையில் வந்த ஆங்கில விருந்தினர்களிடம் "குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் வழிச்செலவை நான் தருகிறேன்" என்று பந்தயம் கட்டியதாகவும், வந்தவர்கள் வசந்தம் வரை திரும்பவில்லை என்றும் கதை சொல்கிறார்கள். அவருடைய விடுதியில்தான் 1870களின் இறுதியில், அந்நாட்டிலேயே முதன்முதலாக மின்விளக்கு எரிந்தது. சரிவுகளில் பெரியவரும் சிறுவரும் பறவைபோல் சறுக்கி இறங்கினார்கள். பேத்தி ஒரு சிறு மேட்டில் ஆறு முறை விழுந்து ஏழாம் முறை நின்றாள். சரிவின் ஓரங்களில் பீரங்கி போன்ற பொறிகள் நிற்கக் கண்டேன். நீரைத் தூவிச் செயற்கைப் பனி செய்யும் பொறிகள் அவை. வானம் தந்த பனி போதாமல், பனிமலையிலேயே மனிதன் மின்சாரம் செலவழித்துப் பனி செய்கிறான். கார்களின் புகை அதற்கு ஒரு காரணம் என்பதை அங்கே யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இரவில் வெப்பநிலை சுழிக்குக் கீழே பதினான்கு பாகை. விடுதியின் கொட்டகையில் இணைத்த வண்டி, காலையில் 90 பங்கு காட்டியது. புறப்பட்டதும் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. மின்கலம் குளிர்ந்திருப்பதால், இறக்கத்தில் ஆற்றலை மீட்பது குறைவாக இருக்கும் என்பதே அதன் பொருள். இதை எல்லாரும் கவனிக்க வேண்டும். குளிர்ந்த மின்கலம் மின்சாரத்தை விரைந்து ஏற்காது; நிரம்பிய மின்கலமும் அப்படித்தான். காலை எடுத்தவுடன் வண்டி தானே அடங்கும் என்று பழகிவிட்டவர், அன்றைக்கு அடங்காத வண்டியைப் பனிச்சரிவில் சந்திக்க நேரும். பிரேக் மிதியை நினைவோடு மிதிக்க வேண்டும். மருமகன் அவ்வாறே மிதித்தார். இருபது நிமிடம் ஓடி மின்கலம் சூடேறிய பிறகு பழைய குணம் மெல்லத் திரும்பியது. விற்பவர் இதைச் சொல்லவில்லை. நகரத்துத் தெருவில் இது தெரிந்திருக்கவும் போவதில்லை.

திரும்பும் வழி பெரும்பாலும் இறக்கம் ஆகையால் செலவு குறைந்தது. கூரில் தேநீர் அருந்த நின்றோம். அங்கிருந்து சூரிச் வரை வண்டியை ஓட்டியவள் மகள். வாலன் ஏரியருகே அவள் வேகத்தை நூறுக்குக் குறைத்து ஓட்ட, செலவும் கண்ணெதிரே குறைந்தது. மூன்றரை மணிக்கு வண்டியை ஒப்படைத்தபோது 41 பங்கு மீதி இருந்தது.

விற்பவர் கைகுலுக்கி, "எப்படி இருந்தது?" என்று கேட்டார். மருமகன் வாய் திறப்பதற்குள் மகள் என் நோட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். குளிர்காலச் சக்கரங்கள் விலையில் சேருமா, வெளிக்காற்றிலிருந்தே வெப்பத்தை எடுத்து உள்ளே சூடேற்றும் சாதனம் இந்த வண்டியில் உண்டா, மின்கலத்துக்கு எத்தனை ஆண்டு உறுதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சக்கரங்களுக்குத் தனி விலை என்றார் அவர். அதைக் குறைக்கும் பேச்சு அரை மணி நேரம் நீடித்தது. நானும் பேத்தியும் வெளியே டிராம் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.