சேவலும் கடிகாரமும்



நாமக்கல் வட்டாரத்தில் நாம் கோழியை முட்டைக் கணக்கில்தான் அறிவோம். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மக்களுக்கோ சேவல் காலத்தின் அடையாளம். போபாலில் இரவுக் காவலாளியாக இருந்த அவ்வினத்து ஓவியர் பஜ்ஜு சியாம், 2002-இல் இலண்டன் சென்று ஓர் உணவகத்துச் சுவர்களில் ஓவியம் தீட்டினார். திரும்பியபின் பிக்பென் கடிகாரத்தைச் சேவலாகவும், பாதாள இரயிலை மண்புழுவாகவும், பேருந்தை நாயாகவும், விமானத்தைப் பறக்கும் யானையாகவும் வரைந்தார். சென்னைத் தாரா பதிப்பகம் 2004-இல் அவற்றை நூலாக்கியது. யானையைக் கண்டு நாமும் சிரித்தோம்.

அவருக்குத் தொழில் கற்பித்தவர் ஜங்கர் சிங் சியாம். அவர் 2001-இல், ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்திற்கு வரையச் சென்ற இடத்தில் உயிரிழந்தார். கூலி பற்றியும் ஒப்பந்தம் பற்றியும் ஓவியர்கள் அப்போது கேள்வி எழுப்பினர்.

அக்கேள்வி நமக்கும் உரியது. நம் பிள்ளைகள் மையாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்த குறும்பு எருமைகளையும் ஆடுகளையும் கண்காட்சியொன்றில் விற்றோம். வாங்கிய ஒருவர் அவற்றை வாழ்த்து அட்டையாக அச்சிட்டு விற்றார். பிள்ளைகளின் பெயரில்லை, காசுமில்லை. வரைந்து வைத்த படத்தை விற்பதனால் மட்டும் அச்சிடும் உரிமை கைமாறாது; 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அது கையொப்பத்துடன் எழுதித் தரப்படல் வேண்டும். இதனை அன்று நாம் அறியோம். பிறர் பணம் கொடுத்து வரைவிக்கும் படத்திற்கு நிலை வேறு. அதற்கு முன்னரே ஒப்பந்தம் எழுதிக்கொள்க. இனி ஒவ்வொரு படத்தின் அடியிலும், விலைக்கு முன்னர், வரைந்தவர் பெயரை எழுதுவோம்.